பார்பரின் அடாஜியோவைக் கொயர் பாடும்போது சிலருக்குக் கண்ணீர், சிலருக்கு எரிச்சல்: ஏன்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன். அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பரின் 'அடாஜியோ ஃபார் ஸ்ட்ரிங்ஸ்' இசையை ஒரு கொயர், அதாவது பாடகர் குழு, 'ஆக்னுஸ் டெய்' என்ற பெயரில் பாடக் கேட்டீர்கள். உங்களுக்குக் கண் கலங்கியது. கூட இருந்த நண்பர் வயலின் வாசிப்பவர், அவருக்கு எரிச்சல். "மூலத்தைக் கெடுத்துவிட்டார்கள், இழுவையாக இருக்கிறது, சுருதியும் இறங்குகிறது" என்றார். இருவரில் யார் காது சரி, இருபது பேர் உள்ள உங்கள் ஆலயக் கொயர் இதைப் பாடலாமா என்று கேட்கிறீர்கள். இதில் மூன்று விஷயங்கள் பின்னிக் கிடக்கின்றன. வில்லால் இழுத்த சுரத்தைத் தொண்டையால் பாடும்போது என்னென்ன மாறுகிறது என்பது ஒன்று. அதற்கு உறுதியான பதில் உண்டு. அன்றைக்கு நீங்கள் கேட்டது நல்ல பாட்டா, சுமாரான பாட்டா என்பது இன்னொன்று. அதை நீங்களே சோதித்துப் பார்க்க வழி சொல்கிறேன். மூன்றாவது, ஒரே இசை இரண்டு மனிதர்களை ஏன் இருவிதமாகத் தொடுகிறது என்பது. அங்கே ஆய்வுகளும் ஓரளவுதான் உதவும்.

முதலில் எது மூலம் என்று பார்த்துவிடலாம். 1936இல், 26 வயதில், பார்பர் ஆஸ்திரியாவில் இருந்தபோது எழுதிய ஓபஸ் 11 ஸ்ட்ரிங் குவார்டெட்டின் நடுப்பகுதிதான் இந்த அடாஜியோ. அதாவது இரண்டு வயலின், ஒரு வயோலா, ஒரு செல்லோ. மொத்தம் நாலு பேர். அந்த ஆண்டு டிசம்பரில் ரோமில் அது முதலில் வாசிக்கப்பட்டது. பிறகு அதையே அவர் தந்தி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு விரித்து எழுதினார். 1938 நவம்பர் 5 அன்று நியூயார்க்கில் நடத்துநர் டோஸ்கனினி என்பிசி சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவைக் கொண்டு வானொலியில் அதை வாசித்துக் காட்டியதிலிருந்துதான் உலகத்துக்கு அது தெரியும். 1967இல் அதே பார்பர் லத்தீன் பூசைப் பாடலின் சொற்களை அதற்குப் பொருத்திக் கொயருக்கு எழுதினார். ஆக உங்கள் நண்பர் மூலம் என்று சொல்வதே இரண்டாவது வடிவம். கொயர் வடிவத்தை வேறு யாரோ செய்து ஒட்டவில்லை, இசையமைப்பாளரே செய்தார். இதனால் அது சிறந்தது என்று ஆகிவிடாது. சொந்தக் கையாலேயே தன் இசையைக் கெடுத்தவர்களும் உண்டு. ஆனால் கெடுத்துவிட்டார்கள் என்ற குற்றச்சாட்டு இங்கே செல்லாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பார்பர் ஃபிலடெல்ஃபியாவின் கர்டிஸ் கல்லூரியில் இசையமைப்போடு வாய்ப்பாட்டும் முறையாகப் படித்தவர். நல்ல பாரிடோன் குரல், அதாவது ஆண்களின் நடுத்தரக் குரல். தன் பாடலைத் தானே பாடிப் பதிவும் செய்திருக்கிறார். அவருடைய தாயின் சகோதரி லூயிஸ் ஹோமர் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் பெயர் பெற்ற பாடகி. அடாஜியோவின் மெட்டைப் பாருங்கள்: ஒரு நீண்ட சுரம், பிறகு பக்கத்துப் பக்கத்துச் சுரங்களில் படிப்படியாக ஏறி இறங்கும் வரி. தாவல்கள் அபூர்வம். பாடத் தெரிந்த ஒருவரின் கை இது. தாளம்கூட 'ஹாஃப் நோட்' என்ற நீண்ட கால அளவை எண்ணிக்கையாகக் கொண்டு, நாலு, ஐந்து, ஆறு என்று மாறி மாறி எழுதப்பட்டிருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டுத் தேவாலய இசைத் தாள்களை நினைவூட்டும் எழுத்துமுறை. கொயர் வடிவத்தைக் கேட்ட பலர் 'இது முதலிலேயே பாட்டாக இருந்திருக்கும்' என்று நினைப்பது வெறும் பிரமை இல்லை.

இனி மாறுபவை. பெரிய மாற்றம் மூச்சு. இந்த இசை 8 நிமிட வேகத்தில் போனால் ஓர் அளவு, அதாவது ஒரு பார், ஏறக்குறைய 7 வினாடி ஓடும். பயிற்சி பெற்ற பாடகர் மெல்லிய குரலில் ஒரே மூச்சில் 12 முதல் 15 வினாடி வசதியாகப் பிடிப்பார். உச்ச ஸ்தாயியில் உரக்கப் பாடும்போது அது பாதியாகிவிடும். இரண்டு பார் முடிவதற்குள் மூச்சு தீர்ந்துவிடும், மெட்டின் வரியோ அதைவிட நீளம். வயலின்காரருக்கு இந்தச் சிக்கல் இல்லை. வில்லின் முனை வந்ததும் திருப்பிக்கொள்வார். பக்கத்தில் இருப்பவர் வேறு இடத்தில் திருப்புவார். கேட்பவருக்கு இடைவெளி தெரியாது. கொயர் இதையே மூச்சால் செய்ய வேண்டும். பார் கோட்டில் மூச்சு எடுக்கக் கூடாது. சொல் முடியும் இடத்திலும் எடுக்கக் கூடாது, ஏனென்றால் எல்லோருக்கும் அங்கேதான் எடுக்கத் தோன்றும். நீளும் உயிரொலியின் நடுவில், குரலைத் தேய்த்துக்கொண்டே வெளியேறி, மூச்சை நிதானமாக எடுத்து, அதே உயிரொலியில் மெல்ல நுழைய வேண்டும். இடமும் வலமும் நிற்பவர் எடுக்கும் இடத்தில் தான் எடுக்கக் கூடாது என்று பென்சிலால் தாளில் குறித்துக்கொள்வார்கள். ஒரு பகுதிக்கு, அதாவது ஒரே மெட்டு வரியைப் பாடும் குரல் பிரிவுக்கு, குறைந்தது மூன்று பேர் இருந்தால்தான் இது நடக்கும். நாலு பேர் இருந்தால் நிம்மதி. இரண்டே பேர் என்றால் ஒருவர் மூச்செடுக்கும்போது அந்தப் பகுதியின் ஒலி பாதியாகிவிடும். நண்பர் 'இழுவை' என்றது வேகத்தைப் பற்றி என்று நான் நினைக்கவில்லை. மூச்சு சரியாகப் பகிரப்படாத கொயரில் ஒவ்வொரு வரியும் நடுவில் தொய்ந்து மறுபடி நிமிரும். வேகம் ஒன்றேயானாலும் கேட்பவருக்கு அது மந்தமாகத் தெரியும்.

தொடக்கமும் அப்படித்தான். வயலின்கள் முதல் பி ஃப்ளாட்டை, நம் கணக்கில் ஆறரைக் கட்டையை, ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வரவழைக்கும். அதன் கீழே மற்ற தந்திகள் சற்றுத் தாமதித்து நுழையும். 'ஆக்னுஸ்' என்ற சொல்லோ உயிரெழுத்தில் தொடங்குகிறது. பயிற்சியில்லாத தொண்டை உயிரெழுத்தை ஒரு சின்ன முட்டலோடுதான் ஆரம்பிக்கும். பத்து சோப்ரானோக்கள், அதாவது மேல் பகுதியைப் பாடும் உயர்ந்த குரல்காரர்கள், பத்து வெவ்வேறு கணங்களில் முட்டினால் முதல் சுரத்திலேயே கதை முடிந்தது. ஒலியில்லாத மெல்லிய 'ஹ' ஒன்றை முன்னால் விட்டுப் பாடப் பழக்குவது வழக்கம். அந்த 'ஹ' அரங்கில் கேட்டுவிடவும் கூடாது. இந்த ஓர் இடத்துக்கே ஒரு பயிற்சி நேரத்தின் கால் பங்கு போகும்.

அடுத்தது உயிரொலியும் உச்ச ஸ்தாயியும். இசையின் முக்கால் பங்கில் எல்லாப் பகுதிகளும் மேலே மேலே ஏறி, கீழ்த் தாங்கல் விலகி, எல்லாமே உயரத்தில் நெருக்கியடித்து நிற்கும் ஓர் உச்சம் வருகிறது. தந்திகளில் அது பளபளக்கும். வில்லை அழுத்தி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பிடிக்கலாம், ஒலியின் நிறம் மாறாது. சோப்ரானோவுக்கு அது குரலின் மேல் எல்லையை ஒட்டிய இடம். இங்கே இயற்பியல் குறுக்கே நிற்கிறது. 'ஈ' என்ற ஒலியை 'ஈ' என்று அடையாளம் காட்டும் வாயறையின் முதல் ஒத்ததிர்வு சுமார் 300 ஹெர்ட்ஸ். பெண் குரலின் 'ஆ'வுக்கு அது 800 ஹெர்ட்ஸை ஒட்டியது. பாடும் சுரமே 700 ஹெர்ட்ஸைத் தாண்டினால், அதாவது மேல் எஃப்பைக் கடந்தால், 'ஈ'யும் 'ஊ'வும் அங்கே வாழ முடியாது. பாடகி தாடையை இறக்கி எல்லா உயிரொலியையும் 'ஆ' பக்கம் தள்ளுவார். தள்ளாவிட்டால் குரல் கிறீச்சிடும். ஆகவே உச்சத்தில் சொல் கரைந்துவிடும். அந்தக் கரைவைச் சிலர் மொழியைக் கடந்த ஓலமாகக் கேட்கிறார்கள், மயிர்க்கூச்செறிகிறது. சிலர் அலறலாகக் கேட்கிறார்கள். அலறலாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் தப்பாகக் கேட்கவில்லை. நாலைந்து சோப்ரானோக்கள் மட்டும் உள்ள குழுவில் அந்த இடம் உண்மையிலேயே அலறல்தான். அதைப் பாடுவதற்கு எண்ணிக்கை வேண்டும், இளமையான குரல்கள் வேண்டும், முந்தைய 5 நிமிடத்தில் அவர்கள் குரலைச் செலவழித்திருக்கவும் கூடாது.

உச்சம் சட்டென்று அறுந்து ஒரு மௌனம் வரும். அது எவ்வளவு நீளம் என்பதைத் தாள் தீர்மானிப்பதில்லை, கட்டடம்தான் தீர்மானிக்கும். எதிரொலி 4 வினாடி நிற்கும் தேவாலயத்தில் அது முழுக்க அடங்கும்வரை நடத்துநர் காத்திருக்க வேண்டும். முன்னாலேயே அடுத்த கார்டை, அதாவது ஒன்றாக ஒலிக்கும் சுரக் கூட்டத்தை, தொடங்கினால் இரண்டும் கலங்கிப்போகும். உலர்ந்த அரங்கில் அதே 4 வினாடி காத்திருந்தால் யாரோ நுழைய மறந்துவிட்டார்கள் என்று சபை நினைக்கும்.

சொற்களைப் பற்றி. பாடலின் பொருள் எளிது: உலகின் பாவங்களைப் போக்கும் இறைவனின் செம்மறியே, எங்கள்மேல் இரங்கும், எங்களுக்கு அமைதி தாரும். கத்தோலிக்கப் பூசையில் அப்பம் பிட்கும்போது சொல்வது. தந்தி வடிவத்தில் துக்கம் யாருடையது, எதற்காக என்று இசை சொல்வதில்லை. கேட்பவர் தன்னுடையதை நிரப்பிக்கொள்வார். சொல் வந்ததும் அது ஒரு மன்றாட்டு ஆகிவிடுகிறது. பூசையில் வளர்ந்தவருக்கு அது நெருக்கம். சொல்லில்லாத இசையையே விரும்புபவருக்கு அது கதவைச் சாத்தியதுபோல. இதில் சரி தப்பு பார்க்க முடியாது. ஆனால் மெய்யெழுத்துகள் செய்யும் சேதத்தைப் பார்க்கலாம். 'பெக்காட்டா'வில் உள்ள இரட்டை 'க்' ஒவ்வொரு முறையும் ஒலியோட்டத்தைக் கண நேரம் நிறுத்தும். 'நோபிஸ்', 'டோல்லிஸ்' முடிவில் உள்ள 'ஸ்' இருபது வாயிலிருந்து இருபது நேரத்தில் வந்தால் தணலில் தண்ணீர் தெளித்த சத்தம் கேட்கும். பழகிய கொயர்களில் பகுதிக்கு ஒருவர் மட்டும் 'ஸ்' போடுவார், மற்றவர்கள் உயிரொலியிலேயே நிறுத்திவிடுவார்கள். தந்திகளின் தொடர் ஓட்டத்துக்குப் பழகிய வயலின்காரரின் காதில் இந்தச் சின்னச் சின்ன வெட்டுகள் ஒவ்வொன்றும் குத்தும்.

சுருதி விஷயத்தில் உங்கள் நண்பர் சொன்னது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். துணை வாத்தியமில்லாத கொயர் நீண்ட, மெதுவான இசையில் இறங்குவது சகஜம். காரணங்கள் தெரிந்தவைதான். இறங்கும் படியைப் பாடகர்கள் கொஞ்சம் அகலமாக எடுப்பார்கள், ஏறும் படியைக் குறுக்குவார்கள்; முழுக்க முழுக்கப் படிகளால் ஆன இந்த மெட்டில் அந்தப் பிழை சேர்ந்துகொண்டே போகும். நீண்ட சுரத்தின் கடைசியில் மூச்சழுத்தம் குறையும்போது சுரமும் தணியும். மூன்றாவது காரணம் நல்ல கொயர்களையும் விடாது. அரைச்சுர இடைவெளியை 100 சென்ட் என்று வைத்தால், கீபோர்டின் மேஜர் மூன்றாம் இடைவெளி (சட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம்வரை) 400 சென்ட். காதுக்குச் சுத்தமாக இசையும் மூன்றாம் இடைவெளி 386. கொயர் தன்னியல்பாகச் சுத்தமானதைத்தான் தேடிப் போகும். ஒவ்வொரு கார்டையும் சுத்தமாக இசைத்து, அதிலுள்ள ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த கார்டுக்குப் போனால், சில கார்டு வரிசைகளில் ஒரு சுற்று முடியும்போது ஆதாரச் சுருதியே சுமார் 22 சென்ட் நகர்ந்திருக்கும். கர்நாடக சங்கீதக் கச்சேரியில் தம்புரா ஆதார சட்ஜத்தைக் கட்டி வைத்திருக்கும், நகர வழியில்லை. இங்கே எல்லோரும் சேர்ந்தே நகர்வதால் உள்ளே இருக்கும் யாருக்கும் தெரியாது. எட்டு நிமிடத்தில் அரைச்சுரம் மெல்ல இறங்கினால் சாதாரணமாகக் கேட்பவருக்கும் தெரியாது. நிறம் கொஞ்சம் மங்கியதாகத் தோன்றும், அவ்வளவுதான். தினம் பி ஃப்ளாட்டை விரலால் தேடிப் பிடிக்கும் வயலின்காரருக்கு அது வலிக்கும். சோதிக்க எளிய வழி உண்டு: இந்த இசை எஃப் மேஜர் கார்டில் முடிகிறது. பதிவின் கடைசி கார்டை ஒரு கீபோர்டோடு ஒப்பிடுங்கள். எஃப்புக்குப் பதில் அதற்கு அடுத்த கீழ்ச் சுரமான ஈ (E) ஒத்துப்போனால் ஒரு முழு அரைச்சுரம் போயிருக்கிறது. பார்பர் ஆர்கனையோ பியானோவையோ விருப்பத் துணையாக வைத்துக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறார்.

குரலின் அதிர்வும் கருத்தைப் பிரிக்கும். ஆர்க்கெஸ்ட்ராவில் ஒவ்வொரு வயலின்காரரும் விரலை அசைத்துச் சுரத்தை நொடிக்கு ஐந்தாறு முறை அலைக்கிறார். பலர் சேரும்போது அது வெதுவெதுப்பான ஒலியாகிறது. ஆங்கிலேயக் கல்லூரிச் சேப்பல் கொயர்கள் அதிர்வை ஏறக்குறைய நீக்கிப் பாடும் மரபினர்; ஆக்ஸ்ஃபோர்ட் நியூ காலேஜ் கொயர் 1996இல் வெளியிட்ட பதிவு ஏராளமான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது, அதில் மேல் பகுதியைச் சிறுவர்கள் பாடுகிறார்கள். அந்த ஒலியை ஒருவர் தூய்மை என்பார், இன்னொருவர் குளிர்ச்சி என்பார். இருவரும் ஒரே பண்பைத்தான் குறிப்பிடுகிறார்கள். ஓபரா பாணியில் பயின்ற பெரியவர்களின் கொயர் என்றால் இதற்கு நேர்மாறு: வெப்பம் இருக்கும், ஆனால் நெருக்கமான கார்டுகளில் சுரங்கள் ஒன்றையொன்று உரசும்.

கட்டடத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். டோஸ்கனினி வாசித்த 8ஹெச் ஸ்டுடியோ எதிரொலியே இல்லாத வறட்சிக்குப் பெயர்போனது. கொயர் பதிவுகள் பெரும்பாலும் கல் தேவாலயங்களில் எடுக்கப்படுபவை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, குரல்தான் உருக்குகிறது என்று முடிவு கட்டினால், பாதிப் புகழ் சுவருக்குப் போக வேண்டியது. வேகமும் அப்படித்தான்: தந்தி வடிவமே 7 நிமிடத்திலிருந்து 10 நிமிடம்வரை பலவிதமாக வாசிக்கப்படுகிறது. 10 நிமிடப் பதிவில் வளர்ந்தவருக்கு 7 நிமிடக் கொயர் அவசரமாகத் தெரியும்.

இதுவரை சொன்னவை அளக்கக்கூடியவை. நினைவு என்று வரும்போது நான் சற்றுத் தயங்கித்தான் பேச வேண்டும். இந்த இசையை வெறும் இசையாக மட்டும் கேட்பவர் இன்று மிகக் குறைவு. 1945இல் ரூஸ்வெல்ட் இறந்தபோது அமெரிக்க வானொலியில் ஒலித்தது. 2001 செப்டம்பர் 15 அன்று லண்டன் ப்ராம்ஸ் இசைவிழாவின் நிறைவு நாளில் வழக்கமான கொண்டாட்டத்தைச் சுருக்கி இதை வாசித்தார்கள். 'தி எலிஃபண்ட் மேன்', 'பிளாட்டூன்' படங்கள் இதைச் சாவின் இசையாகவே பதியவைத்தன. 2004இல் பிபிசி வானொலியின் 'டுடே' நிகழ்ச்சி நேயர்கள் மிகச் சோகமான இசை என்று இதற்குத்தான் வாக்களித்தார்கள். 1999இல் வந்த 'ஹோம்வேர்ல்ட்' என்ற கணினி விளையாட்டில் கொயர் வடிவம் வருகிறது. அதை விளையாடிய தலைமுறைக்கு ஆக்னுஸ் டெய்தான் முதல் அறிமுகம், தந்தி வடிவம் பிற்பாடு கேட்ட நகல். 2005இல் டியெஸ்டோ என்ற டிஜே போட்ட நடன இசை வழியாக வந்தவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் காதுக்கு இரண்டுமே மெதுவான வடிவங்கள். முதலில் கேட்டதே அளவுகோல் ஆகிவிடுவதை ரசிகர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். ஆனால் அது எவ்வளவு தூரம் தீர்ப்பை வளைக்கிறது என்று எடை போட்டுச் சொல்ல முடியாது.

ஆய்வுகளில் எனக்குப் பயனுள்ளதாகப் படுவது ஜான் ஸ்லோபோடா 1991இல் வெளியிட்டது. எந்த இடத்தில் அழுகை வருகிறது, எந்த இடத்தில் சிலிர்க்கிறது என்று 83 பேரிடம் எழுதி வாங்கி, அந்த இடங்களை இசைத்தாளில் பார்த்தார். கார்டோடு ஒத்துப்போகாமல் சாய்ந்து நின்று பிறகு பக்கத்துச் சுரத்தில் அமரும் சுரங்கள் கண்ணீரோடும், எதிர்பாராத கார்டு மாற்றங்கள் சிலிர்ப்போடும் அதிகம் சேர்ந்து வந்தன. அடாஜியோ முழுக்கவே அப்படிச் சாய்ந்து அமரும் சுரங்களால் நெய்யப்பட்டது; அது தந்தியிலும் உண்டு, குரலிலும் உண்டு. ஆகவே அழுகைக்கான அடிப்படை இரண்டு வடிவத்துக்கும் பொது என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம். மனிதக் குரல் என்பதாலேயே கூடுதலாக உருக்குமா? யாக் பாங்க்செப் என்ற நரம்பறிவியலாளர், இசைச் சிலிர்ப்புக்குத் தாயைப் பிரிந்த குட்டி விலங்கின் அழைப்போடு தொடர்பு இருக்கலாம் என்று ஒரு கருத்தை முன்வைத்தார். அழகான கருத்து. கருதுகோளாகத்தான் இன்றும் இருக்கிறது, நிரூபணம் என்று எடுத்துக்கொண்டு உங்கள் நண்பரிடம் வாதாடாதீர்கள்.

என் தனிப்பட்ட தீர்ப்பு கேட்டால்: உச்சம்வரை தந்திகள் முன்னால், உச்சத்துக்குப் பிறகு குரல்கள் முன்னால். ஏறும் பகுதியில் இசை கேட்பது களைப்பே தெரியாத அழுத்தம். மனித நுரையீரல் அதைத் தர முடியாமல் திணறுவது கேட்கும். மௌனத்துக்குப் பின் வரும் தாழ்ந்த கார்டுகளிலும், முதல் மெட்டு சோர்ந்து திரும்பி வரும் இடத்திலும் அந்தத் திணறலே அர்த்தமாகிவிடுகிறது. இசை தன் வீடான பி ஃப்ளாட் மைனருக்குத் திரும்பாமல் எஃப் மேஜரில் நின்றுவிடுவதும், வாயால் இரந்து கேட்டவர்கள் பதிலுக்கு நிற்கிறார்கள் என்னும்போது பொருத்தமாகிறது. உங்கள் நண்பர் பாதியிலேயே காதை மூடிக்கொண்டிருந்தால் கொயரின் பலமான பகுதியை அவர் கேட்கவே இல்லை.

பிற உதாரணங்களையும் கேட்டுப்பார்த்தால் உங்கள் சண்டை தெளிவாகும். ஆங்கிலேய இசையமைப்பாளர் எல்கரின் 1899 எனிக்மா வேரியேஷன்ஸில் ஒன்பதாவதான நிம்ராடை, ஜான் கேமரன் 'லுக்ஸ் ஏடெர்னா' என்று இரங்கற்பூசைச் சொற்களோடு கொயருக்கு அமைத்தார். வோசஸ்8 குழு பாடியிருக்கிறது. அங்கே கடைசிப் பெருக்கில் பித்தளை வாத்தியங்களும் டிம்பனி முரசுகளும் தரும் கனம் குரலில் கிடைக்காது. ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பழகியவருக்கு மேடைக்கு ஏறும் படி ஒன்று காணாமல் போனதாகத் தோன்றும். முதல் தடவை கேட்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. ஜெர்மானியர் கிளைட்டஸ் காட்வால்ட் மாலரின் 'இஷ் பின் டெர் வெல்ட்' பாடலின் ஆர்க்கெஸ்ட்ரா பகுதிகளையும் சேர்த்து 16 குரல்களுக்குப் பிரித்தது வேறு வழி: குரல்கள் வாத்தியங்களைப் போலப் பாவனை செய்யாமல், ஒலியைப் பதினாறு இழையாகப் பிரித்துப் பரப்பும். என்னைக் கேட்டால் இந்த வகை அமைப்புகளில் அதற்கு மேல் ஒன்றில்லை. இதற்கு எதிர்முனையில் 1963இல் பாரிஸில் வார்ட் ஸ்விங்கிளின் குழு பாக் இசையை 'டபடபா' என்று ஜாஸ் தாளத்தில் பாடியது. சொல்லே இல்லாததால் அங்கே மன்றாட்டுப் பிரச்சினையும் இல்லை. எரிச்சலடைந்தவர்கள் அடைந்தது வேறு காரணத்துக்காக. ட்வோர்ஷாக்கின் புதிய உலகச் சிம்ஃபனியின் லார்கோ என்ற மெதுவான பகுதியின் மெட்டுக்கு 1922இல் அவருடைய மாணவர் வில்லியம் ஆர்ம்ஸ் ஃபிஷர் 'கோயிங் ஹோம்' என்று சொல் எழுதினார். அது அவ்வளவு நன்றாக ஒட்டிக்கொண்டதால், கறுப்பின மக்களின் பழைய ஆன்மிகப் பாடலைத்தான் ட்வோர்ஷாக் எடுத்தாண்டார் என்று தலைகீழாக நம்புபவர்கள் இன்றும் ஏராளம்.

நீங்களும் நண்பரும் மறுபடி கேட்பதாக இருந்தால் சில ஏற்பாடுகள். இரண்டு பதிவையும் ஒரே ஒலி அளவில் வையுங்கள். உரக்க ஒலிப்பது எப்போதும் சிறந்ததாகத் தோன்றும். தொடக்கத்தை வைத்துச் சரிசெய்யாதீர்கள், உச்சத்தை வைத்துச் சரிசெய்யுங்கள். ஏறக்குறைய ஒரே நேரம் ஓடும் பதிவுகளாகப் பாருங்கள். அடுத்தடுத்துக் கேட்காமல் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். அடுத்த வாரம் வரிசையை மாற்றுங்கள். முடிந்தால் நாலு பேர் வாசிக்கும் குவார்டெட் வடிவத்தையும் இடையில் சேருங்கள். அதைக் கேட்ட பிறகு ஆர்க்கெஸ்ட்ரா வடிவமே சற்று ஊதிப்பெருத்ததாக உங்கள் நண்பருக்குத் தோன்றலாம்.

உங்கள் கொயர் விஷயம். பார்பரின் தாளில் நாலு பகுதிகளும் பல இடங்களில் பிரிகின்றன. எட்டுப் பகுதி என்று கணக்கிட்டால் பகுதிக்கு நாலு பேர் வீதம் 32 பேர் வேண்டும். இருபது பேரைப் பிரித்தால் ஒரு பகுதிக்கு இரண்டு அல்லது மூன்று. மூச்சுப் பகிர்வு நடக்காது, உச்சத்தில் சோப்ரானோக்கள் சிக்கிக்கொள்வார்கள். துணை வாத்தியமில்லாமல் வேண்டாம் என்பதே என் பதில். பக்கத்து ஆலயக் கொயரோடு சேர்ந்து 35 பேராகி, ஆர்கனும் இருந்தால் முயலலாம். கீபோர்டு என்றால் அதிர்வில்லாத மெல்லிய ஆர்கன் ஃபுளூட் ஒலியை எடுங்கள், 'ஸ்ட்ரிங்ஸ்' ஒலியைத் தொடாதீர்கள். பாடகர்கள் அதன் பின்னால் ஒளிந்துகொள்வார்கள், கேட்பவர் தந்தி வடிவத்தை நினைத்து ஒப்பிடத் தொடங்கிவிடுவார். பயிற்சியைக் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கித் தொடங்குங்கள். முன்னிருந்து தொடங்கினால் முடிவு எப்போதும் களைத்த தொண்டையோடுதான் பழக்கமாகும். முதல் இரண்டு வாரம் சொல் வேண்டாம், 'நூ' என்று மட்டும் பாடுங்கள். அடுத்து உயிரொலிகள் மட்டும், அதற்குப் பிறகு மெய்யெழுத்து. உச்சப் பகுதியை ஒரு ஸ்தாயி கீழே பாடிப் பழகுங்கள், முழுக் குரலில் ஒரு பயிற்சிக்கு ஒருமுறைக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கீபோர்டில் சுருதி பாருங்கள். பி ஃப்ளாட் மைனரில் தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தால் ஒரு பயிற்சியை அரைச்சுரம் மேலேயோ கீழேயோ மாற்றி நடத்திப் பாருங்கள்; பழக்கத்தில் ஊறிய தொய்வு பல சமயம் அதிலேயே விட்டுப்போகும். லத்தீன் உச்சரிப்பில் இத்தாலிய முறையா ஜெர்மானிய முறையா என்று முதல் நாளே முடிவெடுங்கள்: 'அன்யூஸ்' பாடுபவரும் 'அக்னுஸ்' பாடுபவரும் ஒரே வரிசையில் நிற்கக் கூடாது.

தாள்களை ஆளுக்கொன்று விலை கொடுத்து வாங்க வேண்டும். பார்பர் 1981இல்தான் இறந்தார். இந்தியச் சட்டப்படி இறந்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள், அதாவது 2041 முடியும்வரை உரிமை உண்டு. எல்கரின் இசைக்கு உரிமை முடிந்துவிட்டது, ஆனால் கேமரனின் கொயர் அமைப்புக்குத் தனி உரிமை இருக்கிறது, அதையும் நகலெடுக்க முடியாது. இருபது பேரோடு இந்த ஆண்டே ஆர்க்கெஸ்ட்ரா இசையைப் பாடிப் பார்க்க ஆசை என்றால் ட்வோர்ஷாக்கின் லார்கோவோ சிபேலியஸின் ஃபின்லாந்தியா கீதப் பகுதியோ எடுங்கள். இரண்டும் நாலு பகுதியோடு முடியும், வரிகள் ஒரு மூச்சுக்குள் அடங்கும், சோப்ரானோவை எங்கும் கூரைக்கு ஏற்றாது. அவற்றைத் துணையில்லாமல் பாடி முடித்துக் கடைசிக் கார்டு கீபோர்டோடு ஒத்துப்போகும் நாளில் பார்பருக்குத் தாள் வாங்குங்கள்.